உற்றது கேட்டலும் உறுவது கூறலும்: மருத்துவச் சட்டத்தில் மொழியின் இடம்

மருத்துவச் சட்டத்தைப் பற்றி மொழியியல் பயின்றவர் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் எழலாம். நாம் வழக்கறிஞரும் அல்லோம், மருத்துவரும் அல்லோம். ஆயினும் இப்பொருளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. கோலாலம்பூரிலும் அதனை அடுத்த பெட்டாலிங் ஜெயாவிலும் தோன்றி, நீதிமன்றத்தின் மிக உயர்ந்த படி வரை சென்ற இரு மருத்துவ வழக்குகளை ஊன்றிப் படித்தோம். ஒன்றில், கேட்க வேண்டிய கேள்வி கேட்கப்படவில்லை. மற்றொன்றில், சொல்ல வேண்டிய செய்தி சொல்லப்பட்டதா என்பது வினாவாயிற்று. கேட்டலும் சொல்லுதலும் மொழியின் தொழில்கள். ஆகவே மருத்துவரின் சட்டக் கடமைகளுள் ஒரு பெரும்பகுதி மொழிக் கடமையே என்பதை ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் எடுத்துரைப்பது நம் நோக்கம்.

இதனை விளக்க, நம் இலக்கணமே நல்ல கருவி தருகிறது. பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் பகுத்தார். விடை வகைகளுள் இரண்டு நமக்கு இங்கே வேண்டியவை. ஒன்று உற்றது உரைத்தல்; தனக்கு நேர்ந்ததைச் சொல்லி விடையளிப்பது. மற்றொன்று உறுவது கூறல். இனி நேரவிருப்பதைச் சொல்லி விடையளிப்பது. “நாளை தேருக்கு வருகிறாயா?” என்று கேட்டவரிடம் “கால் வீங்கிவிட்டது” என்றால் உற்றது உரைத்தல், “கால் வீங்கும்” என்றால் உறுவது கூறல். மருத்துவ அறைக்குள் இவ்விரண்டும் இடம் பிரிந்து நிற்கின்றன. உற்றதை உரைக்க வேண்டியவர் நோயாளர். அதனைக் கேட்டுப் பெற வேண்டியவர் மருத்துவர். உறுவதைக் கூற வேண்டியவர் மருத்துவர். அதனைக் கேட்டு முடிவெடுக்க வேண்டியவர் நோயாளர். மேற்கூறிய இரு வழக்குகளும் இவ்விரு கடமைகளுக்கும் சான்றாக அமைகின்றன.

உற்றது கேளாமை

முதலாவது, சின் கியாவ் வழக்கு. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், கோலாலம்பூரிலிருந்த அரசு சமூகச் சுகாதார மருந்தகத்தில் ஆயாவாகப் பணிபுரிந்த பெண் ஒருவர், கணுக்காலில் ஏற்பட்ட புண்ணுக்காக அங்கிருந்த மருத்துவரிடமே சென்றார். மருத்துவர் பென்சிலின் ஊசி போடச் செய்தார். ஒரு மணி நேரத்திற்குள் அப்பெண் இறந்துபோனார். அவருக்குப் பென்சிலின் ஒவ்வாது என்பது முன்னரே தெரிந்திருந்தது. அவருடைய புறநோயாளி அட்டையில் அந்த எச்சரிக்கை எழுதப்பட்டும் இருந்தது. ஊசி போடுமுன், “இம்மருந்து உங்களுக்கு முன்பு ஏதேனும் தொல்லை தந்ததுண்டா?” என்னும் ஒரு வினா எழவில்லை.

இறந்தவரின் தாயார் வழக்குத் தொடுத்தார். உயர் நீதிமன்றம் மருத்துவரின் கவனக்குறைவை ஏற்றது. கூட்டரசு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. அக்காலத்தில் இறுதி மேல்முறையீடு இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சிலுக்குச் செல்லும். 1967இல் பிரிவி கவுன்சில் உயர் நீதிமன்றத் தீர்ப்பையே நிலைநிறுத்தியது. அம்மருத்துவர்க்குப் பென்சிலினால் இத்தகைய தீங்கு நேரக்கூடும் என்பது தெரியாமல் இல்லை. முன்பு தமக்கு எவ்விதத் தீநிகழ்வும் நேர்ந்ததில்லை என்பதால் வினவாமல் விட்டார். தெரிந்த இடரைப் பற்றி வினவாமல் விட்டதே கடமை தவறியதாயிற்று.

இலக்கணத்தில் இதற்கு அறியா வினா என்று பெயர். ஆசிரியர் மாணவரிடம் கேட்பது அறிவினா. விடை கேட்பவர்க்கு முன்னரே தெரியும். மருத்துவர் நோயாளரிடம் கேட்பது அறியா வினா. விடை நோயாளரிடம் மட்டுமே உள்ளது. எத்துணை பெரிய பட்டம் பெற்ற மருத்துவரும் அவ்விடத்தில் அறியாதவராய் நின்று கேட்டே ஆக வேண்டும். தமிழில் “கேள்” என்னும் வினைக்கு வினவுதல், செவிமடுத்தல் என்னும் இரு பொருளும் உண்டு. மருத்துவரின் முதற்கடமைக்கு இதனினும் பொருத்தமான சொல்லைக் காண்பது அரிது.

உறுவது கூறாமை

இரண்டாவது, பூ ஃபியோ நா வழக்கு. 1982 ஜூலையில் சாலை விபத்தொன்றில் கழுத்தெலும்பு பிசகிய பெண் ஒருவர் பெட்டாலிங் ஜெயாவிலுள்ள அசுந்தா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். எலும்பு அறுவை மருத்துவர் ஒருவர் அறுவை செய்து கழுத்தெலும்பைக் கம்பி வளையத்தால் பிணைத்தார். அறுவைக்குப் பின் அப்பெண்ணின் உடல் செயலிழந்தது. அக்கம்பி வளையம் தண்டுவடத்தை அழுத்தியதே காரணம் என்பது அடுத்த அறுவையின்போது தெரியவந்தது. இவ்வறுவையில் உடல் செயலிழக்கும் இடர் உண்டு என்பது தமக்குச் சொல்லப்படவில்லை என்பதும் அவர் முறையீடுகளுள் ஒன்று.

உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. 2006 டிசம்பர் 29ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் மீண்டும் அவர் பக்கம் நின்றது. விபத்திலிருந்து இறுதித் தீர்ப்பு வரை 24 ஆண்டுகள் கடந்துவிட்டன.

இத்துணைக் கருத்து வேறுபாட்டிற்குக் காரணமாய் நின்றது, மருத்துவரின் கடமையை அளக்கும் கோல் எது என்னும் வினா. பழைய அளவுகோல் 1957ஆம் ஆண்டின் போலம் வழக்கு என்னும் ஆங்கிலேயத் தீர்ப்பிலிருந்து வந்தது. பொறுப்புள்ள மருத்துவர் குழு ஒன்று சரியென ஏற்கும் முறையில் ஒரு மருத்துவர் நடந்திருந்தால் அவர் தவறிழைத்தவர் ஆகார் என்பது அதன் சாரம். ஒரு மருத்துவரைப் பிற மருத்துவரே அளப்பர். நோயாளர்க்கு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லாமல் விடலாம் என்பதும் இவ்வளவுகோலால் மருத்துவர் கையிலேயே இருந்தது.

புதிய அளவுகோல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. ரோஜர்ஸ் எதிர் விட்டேக்கர் என்னும் வழக்கில் 1992இல் அந்நாட்டின் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறு வயதிலிருந்தே ஒரு கண்ணில் ஏறத்தாழப் பார்வை இழந்திருந்த பெண் ஒருவர், அக்கண்ணில் அறுவை செய்துகொண்டார். அதன் விளைவாக நல்ல கண்ணும் பார்வை இழந்தது. அப்படி நேரக்கூடிய இடர் 14,000 பேரில் ஒருவருக்கு. அவர் மருத்துவரிடம் மீண்டும் மீண்டும் பல வினாக்களைக் கேட்டவர். நல்ல கண்ணுக்குத் தீங்கு வரக்கூடாதென்னும் கவலையை வெளிப்படுத்தியவர். எனினும் இந்தக் குறிப்பிட்ட இடரைச் சுட்டிக் கேட்கவில்லை. கேட்காவிடினும் சொல்லியிருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். அந்நோயாளரின் நிலையில் உள்ளவர் எந்த இடரைப் பொருட்படுத்துவாரோ, அதனைச் சொல்வது மருத்துவர் கடமை. ஒற்றைக் கண்ணால் வாழ்பவர்க்கு 14,000இல் ஒன்றும் பெரிதே.

பூ ஃபியோ நா வழக்கில் நம் கூட்டரசு நீதிமன்றம் இந்த அளவுகோலையே ஏற்றது. 2017இல் மற்றொரு வழக்கில் அந்நீதிமன்றம் எல்லையை மேலும் தெளிவாக்கியது. நோயை அறிவதிலும் மருத்துவம் செய்வதிலும் போலம் அளவுகோலே தொடரும். இடரை எடுத்துச் சொல்வதில் மட்டும் புதிய அளவுகோல் நிற்கும். அதாவது, செய்தலை அளப்பவர் துறையறிந்தோர். சொல்லுதலை அளப்பது நீதிமன்றம். பிரிட்டனின் உச்ச நீதிமன்றமும் 2015இல் மாண்ட்கோமரி வழக்கில் இடரைச் சொல்லும் கடமையை நோயாளரின் பார்வையிலேயே அளக்கத் தொடங்கியது.

மொழியியல் நோக்கில் இம்மாற்றம் பெரிது. சொல்லின் நிறைவைச் சொல்பவர் முடிவு செய்த நிலை மாறி, கேட்பவர்க்கு அது எப்பொருள் தரும் என்பது அளவாயிற்று.

கையொப்பமும் ஒப்புதலும்

மருத்துவர் உறுவது கூறிய பின் நோயாளர் தருவது இசைவு. இங்கே தமிழ்ச் சொற்கள் சிலவற்றை நிறுத்தி நோக்க வேண்டும். நம் மக்களிடையே இதற்கு அனுமதி, சம்மதம், ஒப்புதல், இசைவு என்னும் நான்கு சொற்கள் வழங்குகின்றன. இவை ஒரே பொருள் தருவன என எண்ணுவது பிழை.

அனுமதி என்பதற்கு மருத்துவமனைச் சூழலில் வேறொரு பொருளும் உண்டு. “மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார்” என்று நாளிதழ்கள் நாள்தோறும் எழுதுகின்றன. எனவே “அனுமதித் தாள்” என்று சொல்லி ஒரு தாளை நீட்டினால், படுக்கையில் சேர்ப்பதற்கான தாள் என்றே முதியவர் எண்ணக்கூடும். ஒப்புதல் என்பது குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கும் ஆகும். மேலும் ஒப்பம் என்பதும் ஒப்புதல் என்பதும் ஒரே அடியில் பிறந்தவை. ஒப்பமிட்டாலே ஒப்புதல் தந்ததாயிற்று என்னும் மயக்கத்திற்கு அது இடம் தருகிறது. இசைவு என்பதோ இருவர் ஒன்றின்மேல் ஒத்து நிற்பது. மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 13ஆம் பிரிவில், ஒரே பொருளை ஒரே கருத்தில் இருவர் உடன்படுவதே இசைவு என்று வரையறுக்கிறது. அது ஒப்பந்தத்திற்கான வரையறை. எனினும் மருத்துவ இசைவின் உயிர்நிலையையும் அது தெளிவாகக் காட்டுகிறது. ஒருவர் கருத்தில் விரல் அகற்றுதலும் மற்றவர் கருத்தில் புண் கழுவுதலும் இருந்தால், தாளில் கையொப்பம் இருந்தும் இசைவு இல்லை. தவறான எண்ணத்தின் கீழ் தரப்பட்டது என்று பெறுபவர் அறிந்திருக்கும் இசைவை, குற்றவியல் சட்டத்தொகுப்பின் 90ஆம் பிரிவும் இசைவாக ஏற்பதில்லை.

வினா கேட்கும் முறையிலும் சிக்கல் உண்டு. “இங்கே கையெழுத்துப் போடுகிறீர்களா அம்மா?” என்பது வடிவத்தில் வினா. பயனில் அது ஏவல் வினா, அதாவது கட்டளை. அதற்கு மறுப்பு விடை சொல்ல எளிய நோயாளர் துணியார். அவர் தரும் விடை பெரும்பாலும் “சரிங்க டாக்டர்” என்பதே. அந்தச் “சரி” செவியில் விழுந்தது என்றும் பொருள்படும்; விளங்கியது என்றும் பொருள்படும்; உடன்படுகிறேன் என்றும் பொருள்படும்; இனிப் பேச்சை முடித்துக்கொள்ளலாம் என்றும் பொருள்படும். சட்டம் எதிர்பார்ப்பது, விளங்கிய பின் தரும் உடன்பாடு ஒன்றையே. உடன்படும் நேர் விடையைத் தரும் உரிமை உண்டென்றால், மறுக்கும் மறை விடையைத் தரும் உரிமையும் உண்டு. மறுக்க இயலாத இடத்தில் பெற்ற இசைவு இசைவாகாது.

இடரைச் சொல்லும் சொல்லும் கவனத்திற்குரியது. “பக்கவாதம் வர வாய்ப்பு உண்டு” என்று நன்கு தமிழறிந்தவரே சொல்வதைக் கேட்டிருக்கிறோம். வாய்ப்பு என்பது நன்மையை நோக்கிய சொல். “நூறு பேருக்கு இந்த அறுவை செய்தால் இரண்டு பேருக்குக் கை கால் விழுந்துவிடக்கூடும்” என்று சொன்னால் எவர்க்கும் விளங்கும். அதுபோலவே “அலர்ஜி இருக்கிறதா?” என்றால் அரிப்பை மட்டும் எண்ணிப் பலர் இல்லை என்பர். “எந்த மருந்தாவது, ஊசியாவது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா?” என்றால் உரிய விடை கிடைக்கும்.

இடையில் நிற்பவர்

தோட்டப்புற மருத்துவமனைகளில் டிரசர் என்று மக்கள் அழைத்த மருத்துவ உதவியாளர் தொழிலாளரிடம் தமிழிலேயே பேசினார். இன்று கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் நிலை வேறு. மருத்துவர் மலாய்க்காரராகவோ சீனராகவோ இருக்கலாம். தமிழராகவே இருந்தாலும் மருத்துவத்தை ஆங்கிலத்தில் பயின்று, நோயின் பெயர்க்குத் தமிழ்ச்சொல் அறியாதவராக இருக்கலாம். இசைவுத் தாள் தேசிய மொழியிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். அவ்விடைவெளியை நிரப்ப வருபவர் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளை.

எம் தமக்கையார் கிள்ளானை அடுத்த தோட்டமொன்றில் பால்மரம் வெட்டி வாழ்ந்தவர். நீரிழிவால் காலில் புண் முற்றி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மருத்துவர் மலாய் மொழியில் பொறுமையாகவே விளக்கினார்: அழுகிய தசையை அகற்ற வேண்டும், தேவைப்பட்டால் இரு விரல்களையும் எடுக்க நேரிடும். பக்கத்தில் நின்ற பேரனுக்கு வயது பதினைந்து. அவன் பாட்டியிடம் சொன்னது, “புண்ணைக் கழுவிச் சுத்தம் பண்ணுவாங்களாம் பாட்டி, பயப்படாதீங்க” என்பது மட்டும். தமக்கையார் ரேகை வைத்தார். கண் விழித்தபோது இரு விரல்கள் இல்லை. மருத்துவத்தில் குற்றமில்லை, அறுவையால் கால் தப்பியது. பிள்ளையிடமும் குற்றம் காண நம்மால் இயலவில்லை. அவன் அன்பால் மறைத்தான். தமக்கையார் எம்மிடம் சொன்னது இது: “விரல் போனது போகட்டும் தம்பி. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேனே.”

அவர் இழந்தது விரலினும் பெரிது என்பதை அன்று உணர்ந்தோம். தம் உடலைப் பற்றிய முடிவு தம்மைக் கடந்து சென்றது என்பதே அவர் துயரம்.

இந்தியாவின் உச்ச நீதிமன்றம் 2008இல் சமீரா கோலி வழக்கில் இதற்கு நெருங்கிய வினா ஒன்றை ஆராய்ந்தது. நோய் அறிவதற்கான சோதனைக்கு இசைந்து மயக்க நிலையில் இருந்த பெண்ணுக்கு, வெளியே காத்திருந்த தாயாரிடம் இசைவு பெற்றுக் கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, வயது வந்து அறிவு தெளிந்தவர்க்காக மற்றொருவர், அவர் தாயே ஆயினும், இசைவு தர இயலாது என்றது நீதிமன்றம். இத்தீர்ப்பு மலேசிய நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் அதன் கருத்து பொதுவானது: உறவினர் மொழிபெயர்க்கலாம், முடிவெடுக்கும் இடத்தில் நிற்கலாகாது. பதினெட்டு வயது நிரம்பாதவர்க்குப் பெற்றோர் இசைவு தருவதும், நினைவிழந்தவரின் உயிரைக் காக்க இசைவுக்குக் காத்திராமல் மருத்துவம் செய்வதும் இதற்கு விலக்குகள்.

திருக்குறளின் மருந்து அதிகாரம், மருத்துவத்தின் நான்கு உறுப்புகளுள் ஒன்றாக அருகிருந்து துணைபுரிபவரையும் எண்ணி முடிகிறது. பன்மொழி நாட்டில் அத்துணைவரின் கடமையில் மொழிபெயர்ப்பும் சேர்ந்துவிட்டது.

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் வெள்ளைக் கோலுடன் நடப்போரை நாள்தோறும் காண்கிறோம். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் உள்ளது. அவர்களுள் ஒருவர் மருத்துவமனைக்குச் சென்றால், அச்சிட்ட தாள் அவர்க்குத் தாளாகாது. ஒருவர் குரல் அதனைப் படித்துக் காட்டும்போதுதான் அதில் செய்தி உண்டு. அம்மொழி அறியாத முதியவர்க்கும் அதே நிலைதான் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பொறுப்பின் மூன்று வாயில்கள்

மருத்துவர் தம் கடமையில் தவறினால் மூன்று வழிகளில் விடை சொல்ல நேரிடும். முதலாவது உரிமையியல் வழக்கு, இழப்பீடு பெறுவதற்குரியது, மேற்கண்ட வழக்குகள் இவ்வகையின. இரண்டாவது மலேசிய மருத்துவ மன்றம். 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின்கீழ் மருத்துவரைப் பதிவு செய்யும் அம்மன்றம், ஒழுங்கு தவறியவரைக் கண்டிக்கவும், இடைநீக்கவும், பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கவும் வல்லது. நோயாளர்க்கு விளங்கும் வகையில் விளக்கி இசைவு பெறுவதை அதன் வழிகாட்டி நெறிகளும் வலியுறுத்துகின்றன. திருத்தப்பட்ட சட்டம் 2017 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ளது. தொழில்முறைப் பொறுப்புக் காப்புறுதியும் தொடர்கல்வியும் இன்றி மருத்துவர் தம் தொழிற்சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்க இயலாது. மூன்றாவது குற்றவியல் சட்டம். கவனமற்ற செயலால் உயிரிழப்பு நேர்ந்தால் 304அ பிரிவு பாயக்கூடும்.

இவற்றைச் சொல்வது மருத்துவர்மேல் ஐயம் வளர்க்க அன்று. நன்கு கேட்டு, நன்கு சொன்ன மருத்துவரைச் சட்டமே காக்கிறது. சொன்ன இடர் நேர்ந்துவிட்டது என்பதனாலேயே அவர் குற்றவாளி ஆவதில்லை.

வகுப்பறையில் செய்யத்தக்கன

மருத்துவமனையில் மொழிபெயர்க்கப் போகிறவர் நம் மாணவரே. ஆகவே இப்பயிற்சி தமிழ் வகுப்பில் தொடங்கலாம்.

வினா விடை இலக்கணம் நடத்தும் ஆசிரியர், மாணவரை மருத்துவராகவும் நோயாளராகவும் இடையில் நிற்பவராகவும் அமர்த்தி நடித்துக் காட்டச் சொல்லலாம். இடையில் நிற்பவர்க்கு மூன்று நெறிகள் போதும்: சொன்னதைக் குறைக்கலாகாது; சொல்லாததைச் சேர்க்கலாகாது; நோயாளர்க்காகத் தாமே விடை சொல்லலாகாது. அச்சம் தரும் செய்தியை மெல்லச் சொல்லலாம், மறைத்தல் கூடாது. தம்மால் இயலாத சொல் வந்தால், “எனக்கு விளங்கவில்லை, தமிழறிந்த தாதி எவரேனும் உளரா?” என்று கேட்பது இழுக்கன்று.

உறுப்புகள், நோய்கள், அறுவைகள் ஆகியவற்றின் பெயர்களை மலாய், ஆங்கிலம், தமிழ் ஆகிய மும்மொழியிலும் வீட்டில் வழங்கும் பேச்சுச் சொல்லோடு தொகுப்பது நல்லதொரு வகுப்புப் பணி. இறுதியாக, “விளங்கியதா?” என்று கேட்பதை நிறுத்திவிட்டு, “நாளைக்கு உங்களுக்கு என்ன செய்யப் போகிறார்கள், நீங்களே சொல்லுங்கள்” என்று நோயாளரைத் திருப்பிச் சொல்லச் செய்யலாம். அவர் தம் வாயால் சொல்லும் சொல்லே இசைவுக்குச் சான்று.

எம் தமக்கையார் பேரன் அன்று இவ்வொரு வினாவைக் கேட்டிருந்தால், பாட்டி “புண்ணைக் கழுவுவார்கள்” என்று மட்டும் சொல்லியிருப்பார். அருகிருந்த மருத்துவர்க்குத் தமிழ் தெரிந்திராது. ஆனால் உண்மையில் என்ன செய்யப் போகிறார்கள் என்பதை அறிந்த அப்பிள்ளைக்குத் தான் எதை விட்டுவிட்டோம் என்பது தெரிந்திருக்கும்.